அவன் இல்லாத படம்

டிகிரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கத்திரி. வேலைக்குச் சேர்ந்த அன்று, யாரோ கேட்ட கேள்விக்கு, "எங்க வீட்ல நான்தான் முதல் டிகிரி" என்று சொல்லித் தொலைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் அதுவே பெயராகிவிட்டது. முறைத்துப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அட்டையில் பெரிதாக 'டிகிரி' என்று எழுதித் தன் மேசையில் தானே ஒட்டிக்கொண்டாள். படித்து வாங்கினதுதானே, யார் வீட்டிலும் திருடவில்லையே.

கத்திரி அந்த அலுவலகத்தின் தலைமைத் திருத்துநர். வேற்றுமொழிப் படங்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளைப் போடுவதுதான் அங்கே தொழில். எந்த வரியைக் கொடுத்தாலும் இரண்டு சொல்லாவது வெட்டாமல் திருப்பித் தர மாட்டார். ஆனால் வெட்டிய பிறகு வரி நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அவளுக்கு எரிச்சல். மட்டமான வேலைக்காரராக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அலுவலகம் ஒரு மின்விசிறிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று சன்னல்களில் கறுப்புத் துணி. மூன்று மேசைகள், மூலையில் ஒரு கண்ணாடி அறை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் அக்கா. எந்த வரி எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

சேர்ந்த நாளிலிருந்து எட்டு மாதமாக டிகிரிக்கு வாஷிங் மெஷின் விளக்கப் படங்கள்தான். 'மூடியைத் திறக்கவும். துணிகளை இடவும். மூடியை மூடவும்.' இப்படி நாற்பது மாடல். கனவில்கூட யாரோ மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் இந்த வேலைக்கு வந்ததே வேறு காரணத்துக்காக. கல்லூரியில் ஒரு திரைப்படக் குழு இருந்தது. மின்விசிறி சத்தத்துக்கு நடுவே பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போடுவார்கள். அங்கே பார்த்த முதல் சஸ்பென்ஸ் படத்தில் ஒரு பெண், வீட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். புருஷன், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒருத்தர் பாக்கியில்லாமல், 'உனக்கு மனசு சரியில்லம்மா, போய்ப் படு' என்பார்கள்.

டிகிரிக்கு அந்த வசனம் புதிதில்லை. விடைத்தாளில் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருக்கிறீர்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றபோது அங்கிருந்தவர் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் வேறு வார்த்தையில். "முதல் தலைமுறையா படிக்கிற பிள்ளைங்களுக்கு இந்தப் பதற்றம் இருக்கும்மா." அவர் கடைசிவரை தாளைத் திறக்கவே இல்லை. ஆனால் அந்த மாதிரிப் படங்களில் கடைசிப் பத்து நிமிஷத்தில் படமே எழுந்து நின்று, அவள் சொன்னது நிஜம் என்று சாட்சி சொல்லும். ஒருத்தர் விடாமல் வாயடைத்து நிற்பார்கள். அதற்காகத்தான் அவள் அந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். பேய்க்காகவோ கத்திக்காகவோ இல்லை. அந்தச் சாட்சிக்காக.

அப்படிப்பட்ட ஒரு படம் ஒரு திங்கட்கிழமை அவள் மேசைக்கே வந்தது. ஊரில் ஒரு தியேட்டர் சனிக்கிழமை மதியங்களில் பழைய சஸ்பென்ஸ் படங்களைத் தமிழ் வரிகளோடு போட ஆரம்பித்திருந்தது. கத்திரி ஏற்கெனவே வரிகளை எழுதி முடித்துவிட்டார். எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார் முதலாளி.

படத்தின் கதை இது. புருஷனை இழந்த ஓர் இளம்பெண். பெரிய வீடு. கூட இருப்பது கால் இழுத்து நடக்கும் கொழுந்தனும் அன்பே உருவான நாத்தனாரும். தினமும் அந்தப் பெண்ணின் அறையில் ஏதோ ஒரு பொருள் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். ஒரு நாள் சீப்பு, ஒரு நாள் நாற்காலி, ஒரு நாள் செத்துப்போன புருஷனின் படம். யாரோ வருகிறார்கள் என்று அவள் சொல்கிறாள். போலீஸ்காரர் சிரிக்கிறார், டாக்டர் தூக்க மாத்திரை எழுதுகிறார். படம் பார்க்கிற எல்லோருக்கும் கொழுந்தன் மேலேயே கண். கடைசியில் பார்த்தால், தினமும் பால் காய்ச்சிக் கொண்டுவந்து தலையைத் தடவிக்கொடுத்த நாத்தனார்தான் அந்த ஆள்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி அறைக் கதவைத் திறந்து ஹெட்போன் அக்கா கூப்பிட்டாள். "டிகிரி, இங்க வா. இந்த மொழி எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருது. 'ஓ'ன்னு. கொழுந்தனப் பத்திப் பேசும்போதும் 'ஓ', நாத்தனாரப் பத்திப் பேசும்போதும் 'ஓ', வந்துட்டுப் போற மர்ம ஆளுக்கும் அதே 'ஓ'. கத்திரி சார் மட்டும் ஒரு எடத்துல அவன், ஒரு எடத்துல அவள்னு போட்டிருக்காரு. எது சரி?"

டிகிரி அன்று மதியம் சாப்பிடாமல் நூலகத்துக்கு ஓடினாள். அந்த மொழியின் அகராதியில் முதல் பக்கங்களிலேயே இருந்தது. அந்த மொழியில் அவனும் அவளும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்தான். கத்திரி மூலத்தைக் கேட்டு எழுதவில்லை, கூட வந்த ஆங்கிலப் பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பிரதி எழுதினவர் மர்ம ஆளை ஆணாக்கிவிட்டார். படம் சொல்லாத பொய்யை இவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் கத்திரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், மர்ம ஆளுக்கு நீங்க அவன்னு போட்டது தப்பு."

"அப்ப அவள்னு போடவா? முதல் அஞ்சு நிமிஷத்துலயே சனங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அவள்னும் போடக் கூடாது. மூலத்துல ரெண்டும் இல்ல. படம் அறுபத்து நாலு எடத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கு. நாம அறுபத்து நாலு எடத்துல பொய் சொல்லியிருக்கோம்."

"படமே ஏமாத்து வேலைதானம்மா. பாக்குறவன் ஏமாறத்தான் வர்றான்."

"இல்ல சார். ஏமாறத்தான் வர்றாங்க, ஏமாத்தப்பட வரலை. ரெண்டும் ஒண்ணு இல்ல. படம் பொய் சொல்லலை, நாமே நெனச்சுக்கிட்டோம்னு கடைசில தெரியணும். அதுல இருக்குற சொகத்துக்குத்தான் வர்றாங்க. நாம அவன்னு எழுதிட்டு கடைசில பொம்பளையக் காட்டினா, அது மோசடி."

கத்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "தமிழ்ல வினைமுற்று போட்டா ஆணா பெண்ணான்னு சொல்லியே தீரணும். வந்தான், வந்தாள். என்ன பண்ணுவ?"

"மரியாதை போடுவேன். அவங்க வந்தாங்க."

"கொலை பண்ண வர்றவங்களுக்கு மரியாதையா? போலீஸ்காரர், 'அவங்க எப்படி உள்ள வந்தாங்க'ன்னு கேப்பாரா? சீர்வரிசை எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு."

பக்கத்து மேசையில் சிரிப்பு. டிகிரி சிரிக்கவில்லை. நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். முதலாளிக்குப் படத்தைவிடப் படம் போகிற தேதிதான் முக்கியம். அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அவள் தன் பிரதியை முழுசாகக் கொடுக்க வேண்டும். அதைக் கத்திரி ஒத்துக்கொண்டால் அனுப்பலாம். தியேட்டரில் ஏதாவது அசிங்கமானால், வாழ்நாளுக்கும் அவளுக்கு வாஷிங் மெஷின்தான், அப்புறம் சினிமா என்று முனகக் கூடாது.

"சரி சார்" என்றாள். யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை மாலைக்குள் அறுபத்து நாலு இடத்திலும் 'அவங்க' போட்டு முடித்தாள். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவையும் சித்தியையும் கணினி முன்னால் உட்கார வைத்தாள். அம்மாவுக்குத் தையல் ஆலையில் துணி சோதிக்கிற வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டையைப் புரட்டிப் பார்த்துப் பிசிறு கண்டுபிடிக்கிற கண். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சித்தி படிப்பாள், ஆனால் வாய் நிற்காது.

"இந்தக் கால் இழுக்கிறவன் மூஞ்சியே சரியில்ல" என்றாள் சித்தி. "பாரேன், சிரிக்கிறத. அக்கா, இவன்தான்."

அரைமணி நேரம் ஆனதும் அம்மா கணினியின் மூலையை விரலால் தொட்டாள். "நிறுத்து. பொம்பளதானே வர்றது?"

டிகிரி படத்தை நிறுத்தினாள். "எப்படிம்மா சொல்ற?"

"போலீசு கொழுந்தனுக்கு அவன் இவன்னு போடுறான். தபால்காரனுக்கும் அவன். வர்ற ஆளுக்கு மட்டும் அவங்கன்னு மரியாத. எதுக்கு? மறைக்கிறதுக்கு. ஆம்பளையா இருந்தா நீ எதுக்கு மறைக்கப் போற? நாத்தனார்தான், வேற யாரு இருக்கா அந்த வீட்ல."

"நாத்தனாரா" என்றாள் சித்தி. "அய்யோ பாவம், பாலெல்லாம் குடுக்குறாளே."

"பால் குடுத்தா? உன் நாத்தனார் உனக்குக் குடுக்கலையா?"

டிகிரி கணினியை மூடினாள். நல்ல சட்டையில் ஒட்டுப்போட்டால் ஒட்டுத்தான் முதலில் கண்ணில் படும். மரியாதை மறைக்கவில்லை, இங்கே ஏதோ மறைத்திருக்கிறேன் என்று கை காட்டிக் கொடுத்துவிட்டது. கத்திரி சொன்னது பாதி சரி. அதை ஒத்துக்கொள்வது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கத்திரி சரி என்பதற்காக 'அவன்' சரி என்று ஆகிவிடாது.

வியாழன் காலை அவள்தான் அலுவலகத்தை முதலில் திறந்தாள். கறுப்புத் துணியை விலக்கிச் சன்னலோரம் நின்றாள். கீழே மின்விசிறிக் கடைக்காரர் எதிர்க்கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"கரண்டுக்கு ஆள் வந்தாச்சா?"

"நேத்தே வந்துட்டுப் போயாச்சு. பெட்டியைத் திறந்து பாத்துட்டு, இன்னைக்கு மறுபடி வர்றதா சொல்லிருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, நேற்று வந்துவிட்டுப் போன அதே ஆள் கருவிப் பையோடு மறுபடி வந்தது. தலையில் தொப்பி போட்ட ஒரு பெண். டிகிரி அவளைப் பார்த்தாள், கடைக்காரர்கள் பேசியதை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் அந்த ஆள் ஆணா பெண்ணா என்று ஒரு எழுத்துக்கூடச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. யார் காதுக்கும் உறுத்தாமல் பேசிவிட்டார்கள்.

அவள் மேசைக்கு ஓடினாள். பள்ளிக்கூட இலக்கணம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. பால் தெரிவது வினைமுற்றில்தான். எச்சத்தில் தெரியாது. வந்த ஆள், நின்ன ஆள், சிரிச்ச ஆள். 'வந்தாச்சு', 'நகர்த்தியிருக்கு', 'யாரோ இருந்த மாதிரி'. தமிழுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது என்று யார் சொன்னது? பத்துத் தினுசாகத் தெரியும்.

போலீஸ்காரர் இப்போது கேட்டார்: 'ஆள் எந்த வழியா உள்ள வந்துச்சு?' எந்தப் போலீஸ்காரரும் அப்படித்தான் கேட்பார். அந்தப் பெண் சொன்னாள்: 'கண்ணாடியில, எனக்குப் பின்னால, ஒரு உருவம்.' 'நான் முழிச்சிருக்குறது தெரிஞ்சுபோச்சு.' அறுபத்து நாலில் ஐம்பது, வெள்ளிக்கிழமை காலைக்குள் முடிந்தது. மிச்சம் இருந்தது நீளத்தில் உதைத்தது. 'அவன் வந்தான்' என்றால் ஒரு மூச்சு. இவள் வரி ஒன்றரை மூச்சு.

"அக்கா, இருநூத்திப் பத்தாவது வரிக்கு இன்னும் கால் நொடி குடு."

"காட்சி மாறிடும் டிகிரி."

"மாறட்டும், வரி அடுத்த காட்சிமேல கொஞ்சம் நிக்கட்டும். இருட்டு அறைதானே, உறுத்தாது."

ஹெட்போன் அக்கா கொடுத்தாள். மதியம் ஒரு மணிக்குப் பிரதி கத்திரியின் மேசையில் இருந்தது.

அவர் பென்சிலை எடுத்து, தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகளையும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். டிகிரி எதிரில் நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. பதினேழு இடத்தில் வெட்டினார். வெட்டிய எல்லாம் நியாயமான வெட்டு. பிறகு ஒரு வரியின் மேல் பென்சிலை நிறுத்தினார்.

'என் புருஷன்மேல என்னைவிடப் பாசம் வெச்ச ஆள்தான் இங்க வர்றது.'

"இதை நான் 'அவன்'னு போட்டிருந்தேன்" என்றார். "சரியாவே வரல. தம்பிக்கு என்ன அவ்வளவு பாசம்னு எனக்கே இடிச்சுது. ஆனா விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். "சரி, ஆள்னு போட்டா ஆம்பளைன்னுதானே நெனப்பாங்க? அப்ப உன்னோடதுக்கும் என்னோடதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நெனைக்கட்டும் சார். அது அவங்க நெனப்பு. நான் சொல்லலை."

அவர் கடைசி வரிவரை படித்து முடித்து, தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அறுநூத்திப் பதினொன்றாவது வரியில் பென்சில் நின்றது. சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை அவள் பக்கம் திருப்பினார். 'மாடிப்படியில் நின்றான்.' பழைய பிரதியிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணில் தப்பிவிட்டது.

"இதோ, உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்."

டிகிரிக்கு முகம் சிவந்தது. நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. இந்த ஒன்றை வைத்தே மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம் அவர். போடவில்லை. "மாடிப்படியில காலடிச் சத்தம்" என்று தானே திருத்தி எழுதினார். "அனுப்பு. ஆனா நாளைக்குத் தியேட்டர்ல ஒருத்தர் குத்தம் சொன்னாலும், திங்கக்கிழமை நீ மூடியத் திறக்கப் போயிடணும்."

"ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"அவ்வளவு திமிரா?"

"வேலை பண்ணியிருக்கேன் சார். திமிர் இல்ல."

சனிக்கிழமை மதியம் தியேட்டரில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. டிகிரி திரையைப் பார்க்கவில்லை. பக்கச் சுவரோரம் நின்று முகங்களைப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் முகங்கள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. சீப்பு நகர்ந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் மாத்திரை எழுதியபோது இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள். கொழுந்தன் கால் இழுக்கும் சத்தம் வரும்போதெல்லாம் ஒரு வரிசையே பின்னால் சாய்ந்தது. கத்திரி கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வரி தோன்றும்போது அவர் உதடு அசைந்தது.

கடைசிப் பத்து நிமிஷம் வந்தது. அறைக்கதவு மெல்லத் திறந்தது, விளக்கு எரிந்தது, நாத்தனார் நின்றாள், கையில் பால் குவளையோடு. அரங்கில் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு இருநூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட சத்தம், டயரிலிருந்து காற்று இறங்குவது போல. அவள் சொன்னது நிஜம் என்று படம் எழுந்து நின்று சொன்னது. டாக்டர் வாயடைத்து நின்றார். டிகிரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

விளக்குப் போட்டதும், மேசை விளக்கு மாதிரித் தலை பளபளத்த ஒருத்தர் மனைவியோடு வெளியே வந்தார். தியேட்டர் மேலாளரைப் பிடித்து நிறுத்தினார்.

"மோசடி சார். நடுவுல ஒரு எடத்துல 'அவன்'னு போட்டீங்க. கொழுந்தன்தான்னு நெனைக்க வெச்சு ஏமாத்திட்டீங்க."

"எங்க போட்டாங்க?" என்றாள் அவர் மனைவி. "ஒரு எடத்துலயும் ஆம்பளைன்னு சொல்லலையே. நாமதான் நெனச்சுக்கிட்டோம்."

"நான் படிச்சேன்டி. என் கண்ணால படிச்சேன். 'அவன் வந்தான்'னு இருந்துது."

நேற்று ஒன்று டிகிரியின் கண்ணில் தப்பியிருந்தது. இன்னொன்றும் தப்பியிருந்தால்? கூட்டத்தின் ஓரத்தில் கத்திரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பையிலிருந்து கணினியை எடுத்து, டிக்கெட் கவுண்டரின் கல் பலகைமேல் வைத்து, தியேட்டருக்கு அனுப்பின பிரதியைத் திறந்தாள். 'அவன்' என்று தேடினாள். வந்த எல்லாம் கொழுந்தனையும் தபால்காரனையும் சொன்னவை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 'வந்தான்' தேடினாள். தபால்காரன் இரண்டு தடவை வந்தான், அவ்வளவுதான். 'நின்றான்', 'போனான்', 'இருந்தான்', மூன்றையும் தேடினாள். அந்த ஆளுக்கு ஓர் இடத்திலும் இல்லை.

கணினியைத் திருப்பி அந்த மனிதருக்குக் காட்டினாள். "சார், நீங்க படிச்சது இதுல இல்ல."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"இல்ல சார். நீங்க பொய் சொல்லலை, நாங்களும் சொல்லலை. நாலரைக்கு அடுத்த காட்சி இருக்கு. எந்த எடம்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா நானே திருத்துறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "நான் வர்றேன், மறுபடி பாக்கணும் எனக்கு, அந்த நாத்தனார் முதல்ல என்ன மூஞ்சி வெச்சிருந்தாள்னு" என்று கவுண்டரைப் பார்த்து நடந்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

கத்திரி பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ஆள் சொன்னப்ப எனக்கும் ஒரு எடத்துல படிச்ச மாதிரிதான் இருந்துது."

"நீங்க திருத்தின பிரதிதானே சார்."

"அதான் சொல்றேன். நானே திருத்தினது. இருந்தும் படிச்ச மாதிரி இருக்கு." அவர் அரங்கக் கதவைப் பார்த்தார். உள்ளே அடுத்த கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. "நானும் இன்னொரு தடவை பாத்துடுறேன்."

"பாருங்க. அதுக்கு முன்னால திங்கக்கிழமை எனக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

"வாஷிங் மெஷின் வேற யாராவது பாத்துக்கட்டும். அடுத்த சனிக்கிழமைப் படம் உன் மேசையில இருக்கும்" என்றார். "அகராதிய வெச்சுக்கிட்டு மூலத்தக் கேட்டு எழுது. ஆங்கிலப் பிரதிய மட்டும் நம்பாத."

"நம்ப மாட்டேன்" என்றாள் டிகிரி, கணினியை மூடிக்கொண்டே.